விளங்கேல்லை, ரீச்சர்

பிள்ளைகள் ஏன் கதைப்பதில்லை என்று பார்த்து வரும்படிதான் என் மனைவி சரோ என்னை வன்னிக்கு அனுப்பினாள். அவளுக்கு முழங்கால் இரண்டும் சரியில்லை. எனக்கு ஒன்றுதான் சரியில்லை. ஆகவே நான் போவது என்று முடிவாயிற்று.

சரோ நோர்வேயில், பேர்கன் நகரத்தில், எங்கள் குசினி மேசையில் இருந்துகொண்டு கண்டாவளைப் பக்கத்துக் கிராமப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குக் கணிதம் படிப்பிக்கிறாள். அங்கே பதினோராம் ஆண்டுக்குக் கணித ஆசிரியர் இல்லை. ஊரை விட்டு வருமுன் சரோ யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியையாக இருந்தவள். சனிக்கிழமை எங்களுக்குக் காலை, அவர்களுக்குப் பின்னேரம். பள்ளிக்கூடத்துப் பெரிய திரையில் சரோவின் முகம் தெரியும். எங்கள் கணினியில் வகுப்பறை தெரியும். நான் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து தலைகளை எண்ணுவேன். மீன் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் பெட்டி எண்ணியவனுக்கு வேறென்ன வரும்?

தொடக்கத்தில் இருபத்துமூன்று தலைகள். பிறகு இருபத்திரண்டு. அதற்குமேல் குறையவில்லை. ஆனால் சத்தம் குறைந்துவிட்டது. கேள்வி கேட்டாலும் "ஓம் ரீச்சர்", கேட்காவிட்டாலும் "ஓம் ரீச்சர்". முகங்களைப் பார்த்தால் பஸ்ஸுக்கு நிற்கிற சனம் மாதிரி இருந்தது.

குறைந்த அந்த ஒரு தலைதான் கேள்வி கேட்ட தலை. கோபிகா என்று பெயர். முன் வாங்கில் இடது கரையில் இருப்பாள்.

"அவள் ஏன் வாறேல்லை எண்டு கேட்டுக்கொண்டு வாங்கோ" என்றாள் சரோ. "கணக்குச் சோதனையை விட்டாள் எண்டால் உயர்தரம் படிக்க விடமாட்டினம். பிள்ளை அதோட சரி. என்ர படிப்பிப்பிலதான் பிழை எண்டால் சொல்லுங்கோ, நான் விலகிறன். வேற ஆரும் வரட்டும்."

எனக்கு அதில் பிழை தெரியவில்லை. பிழை ஒலியில் என்பது என் முடிவு. அந்த லைனுக்காக நான் ஏற்கெனவே மூன்று மைக் வாங்கியிருந்தேன். இந்த முறை பள்ளிக்கூடத்துக்கென்று ஒரு ஒலிபெருக்கியும் வாங்கிப் பையில் வைத்தேன். அது என் உடுப்பு முழுவதையும்விடப் பாரம். அதோடுதான் வவுனியாவில் வந்து இறங்கினேன்.

வவுனியாவில் காலைச் சாப்பாடு. இடியப்பம் பன்னிரண்டு கொண்டுவந்து வைத்தார்கள், ஐந்துதான் முடிந்தது. சொதி நன்றாக இருந்தது. சம்பல் கண்ணீரை வரவழைத்தது. பேர்கனில் நான் உறைப்புத் தின்னி என்று பெயர் எடுத்தவன். இங்கே பக்கத்து மேசையில் இருந்த சின்னப் பிள்ளை என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தன் தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் தள்ளி வைத்தது.

கிளிநொச்சி பஸ்ஸில் எனக்கு முன் ஆசனத்தில் ஒரு சிங்களப் பெண் போனில் கத்திக்கொண்டு வந்தாள். கொழும்பில் வேலை பார்த்த காலத்துச் சிங்களம் எனக்கு இன்னும் அரைவாசி மிச்சம் இருக்கிறது.

"ரீச்சர் அனுப்பின வீடியோவைப் பார்த்தாயா? பார்த்தேன் என்று சொல்லாதே. அதற்குள் என்ன இருந்தது, அதைச் சொல்லு" என்று அவள் கேட்டாள். மறுமுனையில் பிள்ளை என்ன சொன்னதோ, "ஐயோ கடவுளே" என்று போனை மடியில் போட்டுவிட்டு ஜன்னலால் வெளியே பார்த்தாள். எங்கள் வீட்டிலும் இந்தக் காட்சி உண்டு. பேத்திக்குப் பள்ளிக்கூடம் தந்த கைக்கணினியில் பாடம் ஓடும். பேத்தியின் கண் அதிலேதான் இருக்கும். என்ன பாடம் என்று கேட்டால் தாயைப் பார்ப்பாள். இப்போது அந்தப் பள்ளிக்கூடம் திரும்பவும் புத்தகம் கொடுக்கத் தொடங்கியிருக்கிறது. புத்தகத்தைக் கண்டதும் அவள் முதலில் கேட்டது அதை எங்கே தட்டுவது என்று.

மாங்குளம் தாண்டியதும் பஸ்ஸுக்குக் காற்றுப் போய்விட்டது. எல்லோரும் இறங்கி ஒரு மரத்தடியில் நின்றோம். மரத்தின் நிழல் பத்துப் பேருக்குக் காணும். நாங்கள் நாற்பத்தாறு பேர். அதில் முப்பத்தொரு பேர் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒலிபெருக்கிப் பையை நிலத்தில் வைக்க மனமில்லாமல் தோளிலேயே வைத்திருந்தேன். கொண்டக்டர் வந்து என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"ஐயா வெளிநாடோ?"

"ஓம்."

"அங்க பஸ்ஸுக்குக் காத்துப் போகாதோ?"

"போகும். ஆனா முதலே பாத்துச் சொல்லுவினம்."

"இஞ்சயும் முதலே தெரியும் ஐயா" என்றான். "சொல்லுறேல்லை, அவ்வளவுதான்."

கிளிநொச்சியில் தங்கிய இடத்தில் குழாயைத் திறந்தால் முதலில் காற்று வந்தது, பிறகு ஒரு தவளை வந்தது, கடைசியில் தண்ணீர் வந்தது. பின்னேரம் சந்திவரை நடந்தேன். ரியூசன் விளம்பரத் தட்டிகள் பதினொன்று எண்ணினேன். ஒன்பதில் ஆசிரியரின் படம், எல்லாப் படத்திலும் கோட்டும் கழுத்துப்பட்டியும். இந்த வெயிலில் கோட்டுப் போட்டுப் படம் எடுத்தவர்களை நினைக்க எனக்கு வேர்த்தது. இரவுச் சாப்பாட்டுக்குக் குளத்து மீன் குழம்பு. வாழ்நாளில் அரைவாசியை மீனோடு கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மீன் நல்ல மீன். முள்ளுத்தான் அதிகம்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டோ பிடித்தேன். வாய்க்கால் கரையோடு போகிற பாதை மழைக்கு அரித்துப்போய்க் கிடந்தது. ஓட்டோக்காரர் இறங்கி, பள்ளத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, பையைப் பார்த்தார். "உதுக்குள்ள என்ன ஐயா, கல்லோ?" என்று கேட்டார். அதற்குமேல் ஓட்டோ போகாது என்றாயிற்று. மிச்சத் தூரத்துக்கு ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் உர மூட்டைகளுக்கு மேல் இருந்து போனேன். என் வயதில் இது நல்ல காட்சியாக இருந்திருக்காது. வயலில் நின்றவர்களில் ஏழு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அதிபர் பெரிய உடம்புக்காரர், களைத்த மனிதர். கதிரை தந்தார், பிளேன்ரீ தந்தார், மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார்.

"உங்கட மிஸிஸின்ர வகுப்பாலதான் ஐயா எங்களுக்கு ஒரு பேர்" என்று தன் போனைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு சனிக்கிழமையும் எடுத்த படங்கள். எல்லாம் ஒரே படம்தான்: பிள்ளைகளின் பின்தலைகள், திரையில் சரோ, ஓரத்தில் அரைவாசி வெட்டுப்பட்ட நான். "இதை உடன மேல அனுப்பிப் போடுவன். படம் போனால்தான் வகுப்பு நடந்தது. போன வருசம் ஒரு ஆப்பில போடச் சொன்னவை. இந்த வருசம் அது இல்லையாம், வேறயாம். எனக்குப் பாடம் படிப்பிச்ச காலத்தில மனப்பாடம் செய்ததைவிட இப்ப பாஸ்வேட் மனப்பாடம் செய்யிறதுதான் கூட."

"பிள்ளையள் ஏன் கதைக்கினமில்லை?"

"ஒழுக்கமான பிள்ளையள் ஐயா" என்றார் பெருமையாக.

வகுப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போனவர் தர்சினி ரீச்சர். கணினிப் பாடத்துக்கு வந்த இளம் ஆசிரியை. தினமும் யாழ்ப்பாணத்தில் இருந்து பஸ்ஸில் வந்து போகிறார். சனிக்கிழமையும் வருகிறார் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். ஆறு விசிறிகள், நான்கு சுழன்றன. முன் சுவரில் அந்தப் பெரிய தொடுதிரை. அதன் வலது மேல் மூலையில் சந்தனப் பொட்டு ஒன்று காய்ந்து வெடித்திருந்தது.

"வாணி விழாவுக்குப் பூசை செய்த ஐயர் வைச்சவர்" என்றார் தர்சினி. "எல்லா வாத்தியத்துக்கும் வைச்சார், இதுக்கும் வைச்சார். அதுக்குப் பிறகு அந்த மூலை மட்டும் தொட்டால் வேலை செய்யாது. வகுப்பை மூடுற பொத்தானும் அந்த மூலையிலதான். ஒவ்வொரு தரமும் வயரை இழுத்துத்தான் நிப்பாட்டுறனான்."

"துடைக்கேல்லையோ?"

"சரஸ்வதிக்கு வைச்ச பொட்டு ஐயா. ஆர் துடைக்கிறது? நீங்கள் துடைப்பியளோ?"

நானும் துடைக்கவில்லை.

ஒலிபெருக்கியை எடுத்துக் காட்டினேன். தர்சினி வாங்கிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். "சத்தத்தில ஒரு பிரச்சினையும் இல்லை ஐயா. உங்கட மிஸிஸ் தும்மினால் சந்திவரைக்கும் கேக்கும்." பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களுடைய சிரிப்பை நான் கேட்டு மாதங்கள் இருக்கும்.

அந்தத் தைரியத்தில் கேட்டேன்: "ரீச்சர் படிப்பிக்கிறது உங்களுக்கு விளங்குதோ?"

"ஓம் ஐயா" என்றது வகுப்பு, ஒரே குரலில்.

"கோபிகா ஏன் வாறேல்லை?"

கடைசி வாங்கில் இருந்த நெடுவல் பெடியன் ஒருவன், "ஆர் ஐயா, மைக்கோ?" என்றான். வகுப்பு முழுவதும் குனிந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"தினேஸ், வாயை மூடு" என்றார் தர்சினி. என்னிடம் திரும்பி, "அவள் பள்ளிக்கூடம் வாறதே இப்ப குறைவு. கணக்கு எண்டால் வரவே மாட்டாள். சந்தியில கொமினிக்கேசன்ல நிப்பாள், போய்ப் பாருங்கோ" என்றார்.

மைக் என்றால் என்ன என்று கேட்டேன். ஒருவரும் சொல்லவில்லை. எல்லோரும் ஒழுக்கமாக இருந்தார்கள்.

கொமினிக்கேசன் என்பது போட்டோ கொப்பி, ரீலோட், லமினேற்றிங், இணையத்தில் விண்ணப்பம் போடுவது எல்லாம் செய்கிற சின்னக் கடை. ஒரு கொப்பி இயந்திரம், ஒரு கணினி, கண்ணாடிப் பெட்டிக்குள் போன் உறைகள். எனக்கு முன் ஒன்பது பேர் நின்றார்கள். இயந்திரத்துக்குப் பின்னால் நின்ற பிள்ளை அவர்களை ஒவ்வொருவராக அனுப்பிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தது. முகத்தை அல்ல, கையைப் பார்த்தது. சின்ன விரலில் எனக்கு நகம் இல்லை, தொழிற்சாலையில் போனது.

"நீங்கள்தானே அந்தக் கை?" என்றாள் கோபிகா.

"எந்தக் கை?"

"வகுப்பு நடக்கேக்க ஒரு கை வரும். வயரைப் புடுங்கும். பிறகு சத்தம் இருக்காது. பிறகு திரும்பக் கை வரும்."

நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். "ஏன் பிள்ளை வகுப்புக்கு வாறேல்லை?" என்றேன்.

"வந்தென்ன ஐயா. நான் வாயைத் திறந்தால் உங்கட மைக் பழுதாப் போகுது."

சொல்லிக்கொண்டே ஒருவருடைய அடையாள அட்டையைக் கொப்பி எடுத்தாள். கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததை அப்படியே சொன்னாள்.

"ரீச்சர் ஒருநாள் வட்டம் கீறினவா. மையத்தில வாற கோணம், பரிதியில வாற கோணத்தைப்போல இரண்டு மடங்கு எண்டவா. விளங்குதோ எண்டு கேட்டவா. நான் எழும்பி, விளங்கேல்லை ரீச்சர் எண்டனான். அவா உடன, 'இஞ்சாருங்கோ, பிள்ளையளுக்கு விளங்கேல்லையாம், வயரைப் பாருங்கோ' எண்டு உங்களைக் கூப்பிட்டவா. நீங்கள் வந்து வயரைப் புடுங்கினியள். பிறகு ரீச்சர் அதையே திரும்பக் கத்திச் சொன்னவா. இப்ப விளங்குதோ எண்டவா. விளங்கேல்லை எண்டன். நீங்கள் மைக் வாங்கக் கடைக்குப் போயிட்டியள். வகுப்பு முடிஞ்சுது."

கடையில் இருந்த கதிரையில் இருந்துவிட்டேன்.

எங்கள் ஊர்ப் பேச்சில் விளங்குதோ என்றால் புரிகிறதா என்றும் பொருள், போனில் பேசினால் குரல் தெளிவாகக் கேட்கிறதா என்றும் பொருள். ஊரிலேயே இருப்பவர்களுக்கு அது முதலில் படிப்புச் சொல். எங்களுக்கு அப்படியில்லை. சண்டைக் காலம் முழுவதும் ஊருக்குப் போன் எடுத்து, இழுபடுகிற லைனில் "விளங்குதோ, விளங்குதோ" என்று கத்தியே எங்கள் வயது போயிற்று. செத்தவர் பெயரைக்கூட இரண்டு தரம் மூன்று தரம் கேட்டுத்தான் அறிந்தோம். கணினிக்குள் இருந்து ஒரு பிள்ளையின் குரல் விளங்கேல்லை என்று சொன்னால் சரோவின் கை தானாகவே வயரைத் தேடும். என் கால் தானாகவே கடைக்குப் போகும்.

"அதுக்குப் பிறகு ரீச்சர் விளங்குதோ எண்டு கேட்டால் எல்லாரும் ஓம் எண்டுவினம்" என்றாள் கோபிகா. "சத்தம் கிளியர்தானே ஐயா. பொய் இல்லையே. நான் எழும்பினால் மட்டும், 'மைக் எழும்புது, இண்டைக்கும் வகுப்பு இல்லை' எண்டு பின்னால கத்துவினம். தங்கச்சியின்ர வகுப்பிலயும் அவளை 'சின்ன மைக்' எண்டு கூப்பிடுகினம். அதான் விட்டனான்."

"சோதனை?"

"மற்றப் பாடம் எல்லாம் எழுதுவன். கணக்குக்குப் போகமாட்டன். போய்ச் சும்மா இருந்திட்டு வாறதுக்கோ?"

வெளியே வந்து மனைவிக்குப் போன் எடுத்தேன். பாண் விற்கிற ஓட்டோ ஒன்று பாட்டைப் போட்டுக்கொண்டு என்னையே சுற்றிச் சுற்றி வந்தது. அந்தச் சத்தத்துக்குள் நான் எல்லாவற்றையும் சொன்னேன். சரோ ஒன்றும் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று பயந்து, விளங்குதோ என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

"எத்தினை தரம் சொன்னவளாம்?" என்றாள் கடைசியில்.

"மூண்டு மைக் வாங்கினனாங்கள்."

"அப்ப மூண்டு தரம்."

"நாலு. நாலாந்தரம் நல்ல மழை. நான் கடைக்குப் போகேல்லை."

"பத்து வருசம் வாத்தியாரா இருந்தவள் நான்" என்றாள். பிறகு, "அவளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"எப்பிடி? தூக்கிக்கொண்டோ?"

"எனக்குத் தெரியாது. சனிக்கிழமை அவள் அந்த வகுப்பில இருக்கோணும்."

வெள்ளிக்கிழமை கோபிகாவின் வீட்டைத் தேடிப் போனேன். குடியேற்றத் திட்டத்தின் கடைசி வரிசை. முற்றத்தில் பாயைப் போட்டுக் கச்சான் கடலை காயவிட்டிருந்தார்கள். அவளுடைய தாய் செல்வமணி, வேறொருவரின் வயலில் வேலை முடித்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். மலையகத்துத் தோட்டத்தில் இருந்து அடிபட்டு இந்தப் பக்கம் வந்து குடியேறிய குடும்பம். பேச்சில் இன்னும் அந்த ஊர் இருந்தது.

"வாங்கய்யா, ஒக்காருங்க. டீச்சரம்மா வீட்டுக்காரரா? ஸ்கிரீன்ல பாதி முகம் தெரியுமாம், புள்ள சொல்லும்."

அவித்த மரவள்ளியும் கட்டைச் சம்பலும் தந்தார். ஐந்து துண்டு சாப்பிட்டேன். உறைப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மகளைச் சனிக்கிழமை வகுப்புக்கு அனுப்பும்படி கேட்டேன். எங்கள் பிழைதான் என்றும் சொன்னேன்.

"பட்டப் பேரு வச்சுக் கூப்புடுறது எங்களுக்குப் புதுசு இல்லைங்க" என்றார் செல்வமணி. "இந்த ஊருக்கு வந்த காலத்துல எங்களுக்கு வச்ச பேரெல்லாம் கேட்டா நீங்க மரவள்ளிய வச்சிட்டு எந்திரிச்சுப் போயிடுவீங்க. நாங்க காதுல போட்டுக்கல. இவ போட்டுக்கிறா. தங்கச்சிய வேற அப்படிக் கூப்புடுறாங்கல்ல."

"நீங்கள் சொன்னால் போவாள்."

"போவா. ஆனா நான் சொல்லி அனுப்பி, அங்க மறுபடியும் அதே கூத்துன்னா? அப்புறம் என் பேச்சையும் கேக்க மாட்டா." கச்சானைக் கையால் கிளறிவிட்டுக்கொண்டு கேட்டார்: "ஏங்கய்யா, நாளைக்கு உங்க வீட்டம்மா வேற மாதிரிக் கேப்பாங்களா? இத்தன வருசமாக் கேட்ட வாய் ஒரே நாள்ல மாறுமா?"

எனக்கு அது தெரியாது. தெரியாது என்றே சொன்னேன். அந்தப் பதில் அவருக்குப் பிடித்ததோ என்னவோ, வரும்போது ஒரு பை கச்சான் கட்டித் தந்தார். பாதி வழியில் பை கிழிந்து ஓட்டோ முழுவதும் கொட்டியது. நானும் ஓட்டோக்காரருமாகக் குனிந்து பொறுக்கினோம். முழங்கால் அன்றைக்குப் பிடித்ததுதான், இன்னும் விடவில்லை.

சனிக்கிழமை. வகுப்பில் இருபத்திரண்டு தலைகள். முன் வாங்கில் இடது கரை வெறுமையாக இருந்தது. இந்த முறை நான் திரைக்குள்ளே அல்ல, பிள்ளைகளின் பக்கத்தில், சுவரோரம் நின்றேன். அங்கிருந்து பார்க்க சரோ மிகவும் பெரியவளாகவும் தூரத்தில் இருப்பவளாகவும் தெரிந்தாள். நல்ல சேலை உடுத்திருந்தாள். வழக்கத்தில் வகுப்புக்குக் குளிர்ச்சட்டையோடுதான் இருப்பாள்.

"பிள்ளையள்" என்று தொடங்கினாள், "இவ்வளவு நாளும் எனக்குத்தான் விளங்கேல்லை."

"அப்ப மைக்கை மாத்துங்கோ ரீச்சர்!" என்றான் கடைசி வாங்கில் தினேஸ்.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. சரோவும் சிரித்தாள். பிறகு நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். மைக்கில் ஒரு பழுதும் இருக்கவில்லை, கோபிகா கணக்கைத்தான் கேட்டாள், தான்தான் பிழையாக எடுத்தேன் என்றாள். சிரிப்பு மெல்ல நின்றது. "இனிமேல் சத்தத்துக்குக் கேக்குதோ எண்டு கேப்பன். விளங்குதோ எண்டு கேட்டால் அது கணக்கு. சரியோ?"

"ஓம் ரீச்சர்."

அந்த வட்டத்தையே மறுபடி கீறினாள். மையத்தில் ஒரு கோணம், பரிதியில் ஒரு கோணம். "விளங்குதோ?"

"ஓம் ரீச்சர்" என்றது வகுப்பு, அதே ஒரே குரலில்.

சரோ என்னைத் தேடினாள். நான் நின்ற இடம் அவளுடைய திரையில் தெரியாது. இவ்வளவு தூரம் வந்து, உர மூட்டையில் இருந்து, கச்சான் பொறுக்கி, எல்லாம் இதற்குத்தானா என்று எனக்கு அலுப்பாக இருந்தது. இந்தப் பிள்ளைகளுக்குப் பழகிப்போயிற்று. வாயைத் திறந்தால் ஓம் தானாக வரும்.

அப்போது திரையின் அடியில் ஒரு சின்னப் பெட்டி திறந்தது. அந்தக் கடையின் பெயர் எழுதியிருந்தது. பெட்டிக்குள் கொப்பி இயந்திரம், கண்ணாடிப் பெட்டி, அதற்கு முன்னால் கோபிகா. தர்சினி ரீச்சர் வகுப்பு வட்ஸ்அப்பில் போட்ட இணைப்பைக் கடைக் கணினியில் திறந்திருக்கிறாள்.

"கேக்குதோ பிள்ளை?" என்றாள் சரோ.

"கேக்குது ரீச்சர்." கொஞ்சம் பொறுத்து, "விளங்கேல்லை" என்றாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் சரோவின் கையைப் பார்த்தார்கள். கை வயருக்குப் போகவில்லை.

"எது விளங்கேல்லை?"

"ஏன் இரண்டு மடங்கு? ஒண்டரை மடங்கா ஏன் வராது?"

சரோ இன்னொரு வட்டம் கீறினாள். மையத்தில் இருந்து பரிதிக்கு மூன்று கோடு இழுத்தாள். மூன்றும் ஆரை, ஆகவே மூன்றும் ஒரே நீளம் என்றாள். அதனால் உள்ளே இரண்டு இருசமபக்க முக்கோணி உண்டாகிறது என்றாள். கோபிகா அரைவாசி விளங்குது என்றாள். சரோ மற்ற அரைவாசியை வேறு நிறத்தில் கீறினாள். நான் ஐந்து வட்டம் எண்ணினேன். ஐந்தாவது வட்டத்தில் கோபிகா "ஆ" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

"இன்னும் ஆருக்கு விளங்கேல்லை, கையை உயத்துங்கோ" என்றாள் சரோ. "இஞ்சாருங்கோ, எனக்கு எல்லாரும் தெரியினமில்லை. நீங்கள் எண்ணிச் சொல்லுங்கோ."

முதலில் ஒரு கையும் இல்லை. பிறகு நடு வாங்கில் ஒரு பிள்ளை தன் கையைத் தோள் மட்டத்துக்கு உயர்த்தினாள். அவளைப் பார்த்து அடுத்தவள். பிறகு எண்ணுவதற்கு அவதிப்பட வேண்டியிருந்தது. இரண்டு தரம் எண்ணினேன்.

"பதினேழு" என்றேன்.

சரோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். சோதனை கிட்டவே வந்துவிட்டது. "சரி" என்றாள். "சனிக்கிழமை மட்டும் காணாது. புதனும் வைப்பம். ஞாயிறும் வைப்பம். தர்சினி ரீச்சர், உங்களுக்கு ஏலுமோ?" தர்சினி தலையை ஆட்டினார். அவருடைய பஸ்ஸை நினைத்துப் பார்த்தேன். அவரும் நினைத்திருப்பார்.

"ரீச்சர், ஒருக்காப் பொறுங்கோ, ஆள் வந்திட்டுது" என்று கோபிகா எழும்பிப் போனாள். பெட்டிக்குள் வெறும் கதிரையும், கொப்பி இயந்திரத்தின் பச்சை வெளிச்சம் போய்வருவதும்தான் தெரிந்தன.

சரோ அடுத்த கணக்கைத் தொடங்கப் போனாள்.

"நில்லுங்கோ ரீச்சர்" என்றான் தினேஸ். "கோபிகா வரட்டும். அவள் கேட்டால்தானே..." மிச்சத்தைச் சொல்லாமல் வாங்கில் எதையோ சுரண்டினான்.

இருபத்திரண்டு பேரும் நானும் நோர்வேயில் ஒருத்தியும் ஒரு வெறும் கதிரையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். கடையில் யாரோ ஒருவருக்கு நிறையப் பக்கங்கள் கொப்பி எடுக்க வேண்டியிருந்தது போல. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. வெளியே யாருடையதோ மாடு கத்தியது.

கோபிகா திரும்பி வந்து இருந்தாள். மூச்சு வாங்கியது.

"ரீச்சர், கணக்கு இல்லை, வேற ஒண்டு கேக்கவோ?"

"கேளும் பிள்ளை."

"கணக்குச் சோதனைக்குக் கவராயம் அவை தருவினமோ, நாங்களே கொண்டு போகோணுமோ?"

சரோ பேனையை மேசையில் வைத்தாள். "நீங்கள்தான் கொண்டு போகோணும்" என்றாள். "பென்சில் பூட்டுற திருகு இறுக்கமா இருக்கோ எண்டு பாத்து எடும். சோதனையில கழண்டால் கரைச்சல்."

"ஓம் ரீச்சர்" என்றாள் கோபிகா.

முழங்கால் தாங்காமல் நான் ஒரு கதிரையை இழுத்து இருந்தேன். சரோ அடுத்த வட்டத்தைக் கீறத் தொடங்கினாள்.